வலவனின்றி இயங்கும் வண்டி

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில், எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் பதினால்வர் ஆசிரியருடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். ஐந்து தேர்கள் என மக்கள் வழங்கும் ஒற்றைக்கற் கோயில்களைச் சுற்றிவருங்கால், நண்பர் ஒருவர், "ஏழாம் நூற்றாண்டு தொட்டு இத்தேர்கள் ஓரடியும் நகர்ந்ததில்லை, ஆதலின் ஒருவரையும் மோதியதுமில்லை. இவற்றினும் பாதுகாப்பான வண்டி உலகில் உண்டோ?" என்று நகையாடினார். நாங்கள் நகைத்தோமாயினும், அந்நகைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அன்று காலை கடற்கரைச் சாலையில் நிகழ்ந்ததொன்று அனைவர் உள்ளத்திலும் இருந்தது.

நிகழ்ந்தது இது. எம் பேருந்து கோவளத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றபோது, மீன்கூடையைத் தலையிற் சுமந்த மூதாட்டி ஒருவர் சாலையோரம் நின்றிருந்தார். அவர் எங்கள் பக்கம் நோக்கவேயில்லை. எதிர்ப்புறத்திலே பிறிதொரு பேருந்து புறப்படும் நிலையில் நின்றது. மூதாட்டி காலெடுத்து வைப்பதற்கு முன்னரே எம் ஓட்டுநர் வேகத்தைத் தணித்துவிட்டார். மறுகணமே அவ்வம்மையார் குறுக்கே ஓடினார். கூடை சாய்ந்து மீன்கள் சிதறின. உயிருக்கு ஊறு யாதுமில்லை. வண்டி நின்றபின், "அண்ணா, அவர் ஓடுவார் என்பதை எவ்வாறு முன்னறிந்தீர்கள்?" என்று வினவினோம். "அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது வருமோ, தம்பி. ஓடாமல் என்ன செய்வார்?" என்றார் அவர்.

மனிதர் ஓட்டாமல் தாமே ஓடும் வண்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைக என ஆசிரியர் பணித்தபோது, இவ்விடையே எமக்கு முதலில் நினைவிற்கு வந்தது. ஒரு வண்டி இவ்வாறு எண்ண வல்லதாகுமோ? ஆகாதெனின், அதனை எந்நிலத்தில் இயக்கலாம், எந்நிலத்தில் இயக்கலாகாது? இவ்விரு வினாக்களையும் எம் சிற்றறிவிற்கு எட்டியவளவில் ஆராய்வோம்.

வலவன் என்பது தேர் செலுத்துவோனைக் குறிக்கும் பழஞ்சொல். உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று இருபத்தேழாம் பாட்டிலே, நல்வினை செய்தோர் பாகன் செலுத்தாத வானூர்தியில் விண்ணுலகு செல்வர் என்னும் கருத்தை அமைத்துள்ளார். இதனைக் கொண்டு, பண்டைத் தமிழர் விமானம் செய்தனர் என வாதிப்பாரும் உளர். யாம் அக்கட்சியினரல்லேம். புலவர் சொன்னது மறுமையைப் பற்றியது. இம்மையில் வண்டியோட்டும் தொல்லையை அவர் நன்கறிந்திருந்தார் என்பதே அதனாற் பெறப்படும். எனினும், வலவனில்லா ஊர்தி என்னும் எண்ணம் நம்மவர்க்குப் புதியதன்று என்ற அளவில் அப்பாட்டு நினையத்தக்கது.

இனி, இம்முயற்சிக்குக் காரணம் யாது? இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன; 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். விபத்தின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடே: விபத்துக்கள் 64,105, இறந்தோர் 17,884. முதலிடம் பெறுதற்குரிய துறைகள் எத்தனையோ இருக்க, இத்துறையிற் பெற்றோம். இறப்புக்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றிற்கு மிகு வேகமே காரணமெனக் குறிக்கப்பட்டுளது. இறந்தோருள் நூற்றுக்கு நாற்பத்துநால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியினர். ஏறத்தாழ இருபதின்மர் நடந்து சென்றோர். ஆகவே, மடிந்தவருள் மூன்றில் இரு பங்கினர் காருக்குள் இருந்தவரல்லர். இதனை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இதனிடமே மீள்வோம்.

மனிதனது குறை யாதெனின், அவன் காணுதற்கும் செயற்படுதற்கும் இடையே காலம் கழிகின்றது. மணிக்கு 80 கிலோமீட்டர் விரையும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கின்றது. ஓட்டுநர் இடரைக் கண்டு, உணர்ந்து, காலால் தடையை அழுத்த ஒன்றரை விநாடி ஆகுமெனின், தடை பற்றுமுன்னரே வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். உறக்கமும், மதுவும், கைப்பேசியும் சேர்ந்தால் அவ்விடைவெளி இன்னும் நீளும். இயந்திரத்திற்கு உறக்கமில்லை, அஃது எக்காலமும் நாற்புறமும் நோக்குகின்றது.

எவ்வாறு நோக்குகின்றது? அதற்கு மூவகைக் கண்கள் உள. ஒன்று நிழற்படக் கருவி. நிறத்தையும், சாலைக் கோட்டையும், எழுத்தையும் அறிய வல்லது இதுவே. ஆனால் எதிர்வெயிலிலும் இருளிலும் இடர்ப்படும். மற்றொன்று ரேடார். வானொலி அலையை விடுத்து, அது மோதி மீள்வதைக் கொண்டு பொருளின் தொலைவையும் வேகத்தையும் ஒருங்கே அறியும். மூடுபனியும் மழையும் அதனைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆனால் உருவத்தைத் தெளிவாக அறியாது. மூன்றாவது லைடார் எனப்படும். இது லேசர் ஒளியைச் சிறு சிறு துடிப்புக்களாக எறிந்து, ஒவ்வொன்றும் மீளும் காலத்தை அளக்கும். ஒளி விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வதாகலின், 30 மீட்டர் தொலைவிலுள்ள பனைமரத்திற் பட்டு மீள்வதற்கு ஒரு விநாடியின் 50 இலட்சத்தில் ஒரு பங்கே ஆகும். அத்துணை நுண்ணிய காலத்தை அளந்து, இலட்சக்கணக்கான புள்ளிகளால் சுற்றுப்புறத்தின் வடிவத்தையே வரைந்துகொள்ளும். இம்மூன்றும் தருவனவற்றைக் கணிப்பொறி ஒன்று சேர்த்து, இது மரம், இது மாடு, இது மனிதர் எனப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் அடுத்த நொடியில் எங்கிருக்கும் என்பதைக் கணித்து, அதற்கேற்பச் சுக்கானையும் தடையையும் இயக்கும்.

காண்டல் எளிது, பெயரிடல் அரிது, கணித்தல் அதனினும் அரிது. கோவளத்து ஓட்டுநர் செய்தது மூன்றாவது.

இத்துறையின் தொடக்கத்தை ஆராயப் புகின், நம் மாகாணத்துக் கல்வியொன்றும் அதனிற் கலந்திருத்தல் வியப்பளிக்கும். சித்தூர்ப் பக்கத்துக் காட்டூரிற் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, 1958இற் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி என்பார், பின்னர் அமெரிக்க நாட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோவியல் நிலையம் 1979இல் நிறுவப்பெற்றபோது அதன் முதல் தலைவரானார். 1994இல் கணிப்பொறித் துறையின் பெரும்பரிசாகிய டூரிங் பரிசைப் பெற்றார். அந்நிலையத்தார் ஆக்கிய நேவ்லேப் என்னும் வண்டி 1995இல் அமெரிக்காவின் கீழ்ப்பகுதியிலுள்ள பிட்ஸ்பர்க்கிலிருந்து மேலைக் கடற்கரை வரை சென்றது. வழியின் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கில் சுக்கானைத் திருப்பியது பொறியே. விசையும் தடையும் மட்டும் மனிதர் வசம் இருந்தன. அதே ஆண்டில், ஜெர்மானியராகிய எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழுவினரின் வண்டி மியூனிக்கிலிருந்து டென்மார்க் வரை சென்று மீண்டது. 2004இல் அமெரிக்கப் படைத்துறை ஆராய்ச்சி நிறுவனம் பாலைநிலத்தில் ஒரு போட்டி வைத்தது. புறப்பட்ட வண்டிகளுள் ஒன்றும் வழியில் பத்திலொரு பங்கும் கடக்கவில்லை. மறு ஆண்டே ஐந்து வண்டிகள் முழுவழியையும் கடந்தன. ஓராண்டில் இத்துணை ஏற்றம் நிகழ்ந்த துறை பிறிதொன்று எம் அறிவிற்கு எட்டவில்லை.

வண்டியின் தன்னியக்கத்தை அறிஞர் சுழி முதல் ஐந்து வரை ஆறு படிகளாகப் பகுப்பர். சுழியில் எல்லாம் மனிதர் செயல். இரண்டாம் படியில் பொறி சுக்கானையும் வேகத்தையும் கையாளும். ஆயினும் ஓட்டுநர் கண் இமையாது காத்திருத்தல் வேண்டும். நான்காம் படியில், வரையறுத்த நிலப்பரப்பிற்குள் மனிதர் துணையே வேண்டா. ஐந்தாம் படி எங்கும் எக்காலத்தும் தானே ஓடுவது. அது இன்னும் ஏட்டளவில் உள்ளது.

நான்காம் படியிற் கூறிய 'வரையறுத்த நிலப்பரப்பு' என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை என்போம். இதற்கு எடுத்துக்காட்டு எம் மாவட்டத்திலேயே உளது. செங்கற்பட்டிற்கு வடக்கே, பரனூர் இரயில் நிலையத்தை அடுத்த மகிந்திரா உலக நகரத்தில், 2012இல் மகிந்திரா நிறுவனத்தாரின் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அங்கு உருவாக்கிய ஓட்டுநரில்லா டிராக்டரை அவர்கள் 2017 செப்டம்பரில் உலகிற்குக் காட்டினர். செயற்கைக்கோள் குறிகொண்டு அது நேர்கோட்டிற் செல்லும்; வரப்பின் அருகே வந்ததும் கலப்பையைத் தானே தூக்கிக்கொண்டு திரும்பும்; திரும்பியதும் கலப்பையை இறக்கி அடுத்த சாலை ஓட்டும். உழவர் பலகை போன்ற ஒரு கைக்கருவியால் அதனைத் தொலைவிலிருந்தே ஏவலாம், நிறுத்தலாம். எல்லாவற்றினும் எம் கருத்தைக் கவர்ந்தது அதன் எல்லைக் காப்பு: வயலின் எல்லையை முன்னரே வரைந்து கொடுத்துவிட்டால், அக்கோட்டைத் தாண்டி அவ்வண்டி செல்லாது.

செயற்கைக்கோள் குறி சில மீட்டர் பிழைபடுவது இயல்பு. சாலைக்கு அப்பிழை பொறுக்கலாம், உழவிற்குப் பொறுக்கலாகாது, நான்கு மீட்டர் பிழைத்தால் அடுத்தவர் வயலை உழுதுவிடும், பின்னர் நேர்வது மாவட்ட நீதிமன்றத்து வழக்கு. இதனைப் போக்க, இடம் திட்டமாக அறியப்பட்ட ஒரு நிலையத்தை அருகே நாட்டி, அது காணும் பிழையை வண்டிக்கு நொடிதோறும் அறிவித்துத் திருத்துவர். அப்போது பிழை சில சென்டிமீட்டராகச் சுருங்கும்.

ஆயினும் எம் ஊர்ப்பக்கத்து வயல்களை எண்ணிப் பார்க்குங்கால் ஐயம் எழுகின்றது. 2015-16 வேளாண் கணக்கின்படித் தமிழ்நாட்டில் ஓர் உழவரின் நிலம் சராசரி முக்கால் ஹெக்டேர். அதுவும் ஒரே துண்டன்று. மதுராந்தகத்து ஏரிப் பாசனத்து வயல்களை நோக்குக: மூலைமுடுக்கான கழனிகள், வளைந்த வரப்புக்கள். இரும்புச் சக்கரம் பூட்டிச் சேறடிக்கும் டிராக்டர் ஓட்டுநர், எந்த மூலையில் வண்டி புதையும் என்பதைச் சென்ற ஆண்டு புதைந்ததைக் கொண்டு அறிவார். நேர்கோடு ஓட இடமில்லாத நிலத்தில் நேர்கோட்டின் பயன் சிறிதே. உழவர் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் இந்நாட்டில், இப்பொறி முதலிற் பயன்படுவது பெரும்பண்ணைகளில்தான் என்பது எம் துணிபு.

தொழிற்றுறையில் இதன் வெற்றி ஐயத்திற்கிடமற்றது. மேலை ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களில் ரியோ டின்டோ நிறுவனத்தார் 2008 முதல் ஓட்டுநரில்லா லாரிகளை இயக்குகின்றனர். 2018 தொடக்கத்திற்குள் அவை 100 கோடி டன் மண்ணும் தாதுவும் சுமந்துவிட்டன. அங்கே வழி தெரிந்த வழி. எதிர்ப்படும் ஒவ்வொரு வண்டியும் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும். கூடை சுமந்து குறுக்கே ஓடுவார் இலர். இருப்புப் பாதையிலும் அவ்வாறே. தில்லி மெட்ரோவின் ஒரு தடத்தில் 2020 டிசம்பர் முதல் ஓட்டுநரில்லா இரயில் ஓடுகின்றது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திற்கான அத்தகைய முதல் இரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லிப் பணிமனை வந்தடைந்தது.

திறந்த சாலையின் கதை வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலை தொடக்கத்தில் மீனவர் குப்பங்களை இணைத்த சிற்றூர்ச் சாலைகளை ஒன்றோடொன்று தைத்து 1998இல் முடிக்கப்பெற்றது. ஆகவே அது இன்றளவும் பெருவழியாகவும் ஊர்த்தெருவாகவும் ஒருங்கே விளங்குகின்றது. வாரக் கடைசியில் சென்னையிலிருந்து விரையும் கார்களும், ஐஸ்பெட்டி கட்டிய மிதிவண்டியும், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளும், நடுவிற் படுத்த மாடும் அதில் ஒருங்கே காணப்படும்.

இத்தகைய சாலையிற் பொறி எவ்வாறு தடுமாறும் என்பதை 2018 மார்ச் 18ஆம் நாள் இரவு அமெரிக்காவின் டெம்பி நகரில் நிகழ்ந்தது காட்டும். ஊபர் நிறுவனத்தார் சோதனைக்கு விடுத்த தன்னியங்கு கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. அந்நாட்டு விசாரணைக் கழகத்தின் முடிவு படிக்கத்தக்கது. மோதுவதற்கு ஐந்தரை விநாடிக்கு முன்னரே பொறி அவரைக் கண்டுவிட்டது. கண்டும் அறியவில்லை. வண்டி என்றது, பிறிதொன்று என்றது, மிதிவண்டி என்றது, பெயர் மாறுந்தோறும் முன் கண்ட நடையை மறந்து புதிதாகக் கணிக்கத் தொடங்கிற்று. கடக்குமிடம் அல்லாத இடத்திலும் மனிதர் கடப்பர் என்பதை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை! காரோடு இயல்பாய் வந்த தானியங்கு தடையையோ, சோதனையின்பொருட்டு நிறுவனத்தார் அடைத்து வைத்திருந்தனர். காருக்குள் காவலாக அமர்ந்திருந்த ஓட்டுநர் கைப்பேசியில் நிகழ்ச்சியொன்றைக் கண்டுகொண்டிருந்தார்.

நம் சாலைகளை நம் பொறிகளுக்குக் கற்பித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். ஐதராபாத்துத் தகவல் தொழில்நுட்ப நிலையத்தார் 2018இல் இந்தியச் சாலைகளின் நிழற்படங்கள் பதினாயிரத்தைத் திரட்டி, ஆட்டோரிக்ஷா முதல் விலங்கு வரை ஒவ்வொன்றையும் பெயர் குறித்து வெளியிட்டனர். நல்ல தொடக்கம். ஐரோப்பியப் படத்தொகுதியிற் பயின்ற பொறிக்கு ஆட்டோரிக்ஷாவே அறியாத விலங்காகும்.

நடுவண் அமைச்சர் நிதின் கட்காரி அவர்கள், ஓட்டுநரில்லா வண்டிகளை இந்தியாவில் இயக்க இசையமாட்டோம் என 2017இலும் மீண்டும் 2023இலும் உரைத்தார். ஓட்டுநர் பல இலட்சம் பேரின் பிழைப்பு அழியும் என்பது அவர் கூறிய காரணம். இவ்விடத்தில் எம் குடும்பத்துச் செய்தியொன்றைச் சொல்லுதல் தகுமென எண்ணுகின்றோம். எம் தாய்மாமன் பதினேழு ஆண்டுகளாகத் தொழிற்சாலைப் பணியாளரை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். பகல் முறை முடித்தவரையே இரவு முறைக்கும் அனுப்புவது அவர் பணியாற்றிய இடத்து வழக்கம். ஈராண்டுக்கு முன் விடியற்காலை நான்கு மணியளவில், முப்பது பேர் பின்னே உறங்க, இவரும் கண்ணயர்ந்தார். வண்டி சாலையை விட்டிறங்கி ஏரிக்கரைப் புளியமரத்தின் வேரில் ஏறி நின்றது. நான்கடி அப்பால் நீர். எவர்க்கும் காயமில்லை. வண்டிச் செலவு மட்டும் ஆறு மாதம் இவர் ஊதியத்திற் பிடிக்கப்பட்டது. மாமா இன்றும் அதே பணியில் உள்ளார், வேறிடத்தில்.

ஆகவே, ஓட்டுநர் பிழைப்பைக் காக்கும் கட்சியை எளிதிற் புறந்தள்ள எமக்கு மனமில்லை; ஓட்டுநர் கண்ணயரவே மாட்டார் எனக் கூறும் துணிவும் இல்லை. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உளது: ஓட்டுநரை அகற்றாது, அவர்க்குத் துணையாகப் பொறியை அமர்த்துதல். மேற்கூறிய மகிந்திரா நிலையத்திலேயே வடிவமைத்து 2021இல் வெளியிட்ட எக்ஸ்.யூ.வி.700 என்னும் காரில், இடரைக் கண்டு தானே தடையிடுதலும் தடம் பிறழாது காத்தலும் அமைந்துள்ளன. ஆனால் அது செல்வர் ஊரும் கார். முப்பது பேரைச் சுமக்கும் பேருந்திற்கும், கல் சுமக்கும் லாரிக்கும் அன்றோ இவை முந்துறக் கிட்டல் வேண்டும்? 2025இல் நடுவண் அரசு வெளியிட்ட வரைவு விதி, பெரும் பயணியர் வண்டிகளிலும் லாரிகளிலும் தானியங்கு தடையும், ஓட்டுநர் உறக்கத்தை அறிந்து ஒலிக்கும் கருவியும் அமைத்தல் வேண்டும் என முன்மொழிந்தது. இறந்தோருள் மூன்றில் இரு பங்கினர் காருக்கு வெளியே இருந்தோர் என முன்னர்க் கூறினோமன்றோ? அவர்களைக் காப்பது, பெருவண்டிகள் அவர்களைக் கண்டு நிற்றலே. விபத்து நேர்ந்தபின் காப்பதற்கு, நம் மாநில அரசு 2021 டிசம்பரில் இம்மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டத்தால் முதல் 48 மணி நேர மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நேருமுன் காப்பதற்கு இக்கருவிகள் வேண்டும்.

எஞ்சியது பொறுப்பைப் பற்றிய வினா. நம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டி என்றால் உரிமம் பெற்ற ஓட்டுநர் ஒருவர் உளர் என்பதைக் கொண்டே எழுதப்பட்டது. டெம்பி வழக்கில் நிறுவனத்தின்மேற் குற்றவழக்கு இல்லையென அரசு வழக்கறிஞர் 2019இல் முடிவு செய்தார். காவலாக அமர்ந்த ஓட்டுநரே 2023இல் குற்றத்தை ஒப்பி மூன்றாண்டு கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் குற்றமற்றவர் என்பது எம் கருத்தன்று. தடையை அடைத்து வைத்தவர் எவர் என்பதையும் கேட்டிருக்கலாம். பிரித்தானியர் 2024இல் இயற்றிய தன்னியங்கு வண்டிச் சட்டம், பொறி ஓட்டும்போது நேரும் ஓட்டுதற் குற்றங்களுக்கு உள்ளே அமர்ந்தவரைப் பொறுப்பாக்காது, அவ்வண்டிக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தையே நோக்குகின்றது. இதனைப் படித்தபோது திருவாரூர்ச் சோழன் கதையே எமக்கு நினைவில் எழுந்தது. தேர்க்காலில் கன்று மடிந்தபோது, கன்று தானே வந்து விழுந்தது எனச் சொல்ல அமைச்சர் இருந்தனர். மன்னனோ குற்றத்தைத் தன் மனைக்குள்ளேயே தேடினான்.

இக்கட்டுரையை எழுதி முடித்த மாலை, உறக்கத்தை அறிந்து ஒலிக்கும் கருவியைப் பற்றி மாமாவிடம் விளக்கினோம். முகத்தை நோக்கும் சிறு நிழற்படக் கருவி, இமை தாழ்வதைக் கண்டு ஒலியெழுப்பும் என்றோம். பொறுமையாகக் கேட்டார். "நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், தம்பி. அந்தக் கருவி எனக்கு மட்டும் ஒலிக்குமா? இரண்டு முறை தொடர்ந்து ஓட்டச் சொன்னவருக்கும் ஒலிக்குமா?" என்றார். அன்றும் அவர்க்கு இரவு முறை. உணவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் புறப்பட்டார்.